துறையில் ஒரு பாதை, தளத்தில் ஓர் இணைப்பு

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கூறாக்கி நிற்கின்றது. கதிரவன் எழும் பக்கத்து நிலம் எழுவான்கரை. அவன் படும் பக்கத்து நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் மேற்கே வயலும் மேய்ச்சல் நிலமும் மிகுதி. கிழக்கே கடைவீதியும் பெரும் பாடசாலைகளும் மிகுதி. படுவான்கரையில் விளைந்த நெல் எழுவான்கரைக்கு வரவேண்டும். எழுவான்கரையில் குடியிருக்கும் ஆசிரியர் படுவான்கரைக்குப் போகவேண்டும். இந்தப் போக்குவரவை நெடுங்காலம் தாங்கி நின்றவை துறைகளே. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில், அத்துறையைக் கடக்க விரும்பியோர் 'பாதை' என்று அவ்வூரார் வழங்கும் மிதவையில் ஏறியே அக்கரை சேர்ந்தனர். நிலத்தில் நடக்கும் வழிக்கும் நீரில் மிதக்கும் கலத்துக்கும் ஒரே பெயர் வைத்த அம்மக்களின் சொல்வழக்குத் தனியே ஆராயத்தக்கது.

பாதையின் இயல்புகள் மூன்றினை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் ஏறினாலும் முப்பதுபேர் ஏறினாலும் அதனைக் கரையிலிருந்து அவிழ்த்து விடுவதற்கும் மறுகரையில் அணைப்பதற்கும் ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. துறையில் உள்ள பாதைகளின் எண்ணிக்கை வரையறைப்பட்டது. அக்கரைக்குச் சென்றவர் பாதையைக் கட்டிவைத்துவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கப் போய்விட்டால், இக்கரையில் நிற்போர் அனைவரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இம்மூன்று இயல்புகளும் இன்றைய கணினி உலகில் 'தரவுத்தள இணைப்பு' என வழங்கும் ஒன்றுக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவ்விணைப்பைத் திறப்பது, பயன்படுத்துவது, விடுவிப்பது ஆகியவற்றின் முறை தெரியாமையால் மூடிக்கிடக்கும் இணையத்தளங்கள் பல.

நூலகம் என்னும் மின்னூலகத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பிற ஆவணங்களையும் எண்ணிம வடிவில் காக்கும் இம்முயற்சி 2005 ஆம் ஆண்டில் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரியுண்டதை அறிந்தவர்க்கு, ஒரே கட்டடத்தில் ஒரே படியாக நூல்களை வைத்திருப்பதன் ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படுவான்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கும் மாணவி, கைத்தொலைபேசியில் இத்தளத்தைத் திறந்து, வாங்கவும் கிடைக்காத ஒரு பழைய மலரைத் தேடுகின்றாள் எனக் கொள்வோம். அவள் கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டுமே. அப்பக்கத்தின் பின்னே நடப்பது என்ன?

நூலகம் தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குவது. விக்கிப்பீடியாவுக்காக ஆக்கப்பட்ட அதே மென்பொருள் இது. இது பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. கிறீன்லாந்தில் பிறந்த றாஸ்மஸ் லேர்டோர்ஃப் என்பவர் 1994 இல் தம் சொந்தப் பக்கத்துக்கெனச் செய்துகொண்ட சில சிறு கருவிகளே 1995 இல் பொதுவில் வெளியிடப்பட்டுப் பின்னர் மொழியாக வளர்ந்தன. தட்டச்சுச் செய்த ஏடுபோல முன்கூட்டியே எழுதி வைத்த பக்கத்தை அனுப்புவது இம்மொழியின் வேலையன்று. கேட்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணத்தில் ஒரு பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுப்பதே அதன் வேலை. சமைப்பதற்குரிய அரிசியும் பருப்புமாகிய செய்திகள் தரவுத்தளம் என்னும் களஞ்சியத்தில் உள்ளன. அக்களஞ்சியம் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல், அல்லது அதன் கிளையாகிய மரியாடிபி. இப்பெயரில் உள்ள 'மை' நம் எழுதுகோல் மையன்று. அதனை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியசின் மூத்த மகளுடைய பெயர். மரியா என்பது இளைய மகளின் பெயர். களஞ்சியங்களுக்கு மகளிர் பெயரை இடுவது நம்மவர்க்கும் ஒவ்வாத வழக்கன்று.

நிரல் ஒரு கரை. களஞ்சியம் மறு கரை. இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்; வெவ்வேறு கணினிகளிலும் இருக்கலாம். நடுவே கடக்கும் பாதைதான் இணைப்பு.

இணைப்பைத் திறத்தல் ஒரே அடியில் முடிவதன்று. களஞ்சியக் கணினியின் முகவரியை முதலில் தேடிக் காணவேண்டும். பின்னர் 3306 என்னும் இலக்கமிட்ட வாயிலைத் தட்ட வேண்டும். அது வணக்கம் கூறும், நிரல் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டும், அது சரிபார்க்கும், செய்திகளை மறைகுறியாக்கி அனுப்புவதாயின் அதற்குரிய உடன்பாடும் நிகழும், பின்னரே உள்ளே விடும். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் களஞ்சியம் தனித்த ஓர் இழையையும் நினைவகத்தில் தனித்த ஓர் இடத்தையும் ஒதுக்குகின்றது. போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொரு களஞ்சியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொருவருக்கும் தனித்த ஒரு செயலாக்கத்தையே பிறப்பிக்கின்றது. இவையெல்லாம் சில மில்லிசெக்கன்களில் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆயினும் ஒரு பக்கத்தைச் சமைக்க நாற்பது கேள்விகள் கேட்கும் நிரல், கேள்விக்கு ஒரு முறை பாதையை அவிழ்த்து விடுமாயின், பயணத்தைவிட அவிழ்ப்பதும் கட்டுவதுமே மிகுதியாகிவிடும். புதிதாக நிரல் எழுதப் பழகுவோர் பலர் இதனையே செய்கின்றனர். பயிற்சி நூலில் உள்ள எடுத்துக்காட்டில் 'திற, கேள், மூடு' என்று இருப்பதைக் கண்டு, ஒவ்வொரு செயற்கூறிலும் அதனை அப்படியே எழுதிவிடுகின்றனர். ஒரு வேண்டுகோளுக்கு ஓர் இணைப்பு. அதனைத் திறக்கும் இடமும் நிரலில் ஒன்றே. பிற கூறுகள் எல்லாம் அதனைக் கைமாற்றிப் பெற்றுக்கொள்ள வேண்டும். முதற் கேள்வி எழும் வரையில் அதனைத் திறக்காமலே இருப்பது இன்னும் நன்று. கேள்வியே எழாத பக்கங்களும் உண்டன்றோ? மீடியாவிக்கி இவ்வாறே, தேவை வந்தபோதுதான் இணைப்பைத் திறக்கின்றது. ஒருமுறை சமைத்த பக்கத்தைத் தனியே எடுத்துவைத்து, அடுத்து வருவோர்க்கு அதனையே எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் அதற்கு உண்டு.

இனி, மூடுதல் பற்றிப் பார்ப்போம். பி.எச்.பி.க்கு ஒரு தனிப் பண்பு உண்டு. ஒரு வேண்டுகோள் வந்ததும் நிரல் பிறக்கின்றது. பக்கத்தைக் கொடுத்ததும் மடிகின்றது. மடியும்போது தான் திறந்த இணைப்பு, எடுத்த நினைவிடம் ஆகிய அனைத்தையும் தானே விட்டுவிடுகின்றது. ஆகவே, மூட மறந்தாலும் பெருந்தீங்கு விளைவதில்லை என்று பலர் கருதுவர். இக்கருத்துப் பாதி உண்மையே. தீங்கு மறதியில் இல்லை, தாமதத்தில் இருக்கின்றது.

இதனைக் கணக்கால் காட்டலாம். ஒரு நிரல் இணைப்பைக் கையில் வைத்திருக்கும் நேரம் 50 மில்லிசெக்கன் எனில், ஓர் இணைப்பு ஒரு செக்கனில் 20 பேருக்கு உதவும். நூறு இணைப்புகள் 2000 பேருக்கு உதவும். அதே நிரல், களஞ்சியத்திலிருந்து வேண்டியதைப் பெற்றபின், இணைப்பை விடாமல் வைத்துக்கொண்டே ஒரு மின்னஞ்சலை அனுப்பி, அது போய்ச்சேரும் வரையில் 2 செக்கன் காத்திருக்கின்றது எனக் கொள்வோம். இப்பொழுது ஓர் இணைப்பு இரண்டு செக்கனுக்கு ஒருவருக்கே உதவும். நூறு இணைப்புகளும் சேர்ந்து ஒரு செக்கனில் 50 பேருக்கே உதவும். களஞ்சியம் மெலியவில்லை, கேள்விகள் கூடவில்லை, பாதையை அக்கரையில் கட்டிவைத்துவிட்டுக் கடைக்குப் போனவரால் வந்த வினை இது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், ஆயிரமாயிரம் இல்லங்களிலிருந்து ஒரே வேளையில் வேண்டுகோள்கள் வந்து குவியும்போது, 2000 என்பதற்கும் 50 என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது என்பதைத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் நன்கு அறிவர்.

ஆதலின், தாமதமாகும் வெளிவேலைகள் உளவாயின், அவற்றுக்கு முன்னரே இணைப்பை விடுவித்தல் வேண்டும். பி.எச்.பி.யில் இன்று வழங்கும் இரு கருவிகளுள் ஒன்றாகிய மைஎஸ்கியூஎல்ஐ, மூடுவதற்கென ஒரு கட்டளையை உடையது. மற்றொன்றாகிய பி.டி.ஓ.வில் அத்தகைய கட்டளை இல்லை. இணைப்பைக் குறிக்கும் மாறியை வெறுமையாக்கினால் அது மூடப்படும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவ்விணைப்பின் வழியே பெற்ற கேள்விப்பொருள்கள் எவையேனும் இன்னும் கையில் இருப்பின், இணைப்பும் மூடாமலே இருக்கும். தோணியின் கயிறு இரு தறிகளில் கட்டப்பட்டிருக்க, ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட்டுத் தோணி ஏன் நகரவில்லை என்று வியப்பவர் போல, இங்கும் பலர் மயங்குகின்றனர். பழைய நூல்களில் காணப்படும் 'மைஎஸ்கியூஎல்_கனெக்ட்' என்னும் கட்டளையைக் கண்டு எவரும் எழுதத் தொடங்க வேண்டா. அக்கருவித்தொகுதி 2015 இன் இறுதியில் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது.

கேட்போர் ஒன்று வினவலாம்: ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவதேன், திறந்த இணைப்பை அடுத்த வேண்டுகோளுக்கும் வைத்துக்கொள்ளலாகாதா? வைத்துக்கொள்ளலாம். இதற்கு 'நிலையான இணைப்பு' என்று பெயர். நிரல் மடிந்தாலும், அதனை இயக்கிய வேலையாள் மடிவதில்லை. அவ்வேலையாளின் கையில் இணைப்பு தங்கிவிடும். அடுத்த நிரல் அதனையே எடுத்துக்கொள்ளும். திறக்கும் செலவு மிச்சமாகும். களஞ்சியம் வேறு கணினியில், தொலைவில் இருக்குமாயின் இம்மிச்சம் கணிசமானது.

ஆயினும் இங்கே இரு பள்ளங்கள் உள. மைஎஸ்கியூஎல் களஞ்சியம் தொடக்க அமைப்பில் 151 இணைப்புகளுக்கு மட்டுமே இடம் தருகின்றது. அதற்கு மேல் ஒன்றை நிருவாகிக்கென ஒதுக்கி வைத்திருக்கின்றது; எல்லாப் பாதைகளும் நிரம்பியபோது உள்ளே சென்று பார்ப்பதற்கு அவருக்கேனும் ஒரு தோணி வேண்டுமே! ஒரு நிறுவனம் மூன்று வழங்கிக் கணினிகளை வைத்திருக்கின்றது. ஒவ்வொன்றிலும் 60 வேலையாள்கள் எனின் மொத்தம் 180. ஒவ்வொரு வேலையாளும் ஓர் இணைப்பை நிலையாகப் பிடித்துக்கொண்டால் 151 என்னும் எல்லை கடந்துவிடும். எஞ்சிய 29 பேர் தட்டும்போது 'இணைப்புகள் மிகுந்துவிட்டன' என்னும் 1040 ஆம் இலக்கப் பிழையே விடையாக வரும். அதே நிரல் இரு வேறு பயனர் பெயர்களில் களஞ்சியத்தை அணுகுமாயின் 180 என்பது 360 ஆகும். வேலையாள்களுள் பெரும்பாலோர் அவ்வேளை சும்மா இருக்கக்கூடும் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. சும்மா இருக்கும் இணைப்பைக் களஞ்சியம் தானாக வெட்டிவிடும் நேரம், தொடக்க அமைப்பில் 28,800 செக்கன். அதாவது எட்டு மணி நேரம். காலையில் கட்டிய தோணி மாலையில்தான் அவிழும்.

அடுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியாதது. முன்சென்றவர் பாதையில் விட்டுச்சென்ற மூட்டை, பின்வருபவரின் காலை இடறும். முன்னைய நிரல் ஓர் அட்டவணையைப் பூட்டிவிட்டு இடையில் மடிந்துபோயிருக்கலாம். அமர்வுக்கென ஏதேனும் ஓர் அமைப்பை மாற்றியிருக்கலாம். மைஎஸ்கியூஎல்ஐ கருவி, நிலையான இணைப்பை மீளக் கொடுக்கும்போது இவற்றையெல்லாம் துடைத்தே கொடுக்கின்றது. முடியாத பரிமாற்றத்தைக் கைவிடுகின்றது, பூட்டுகளை அவிழ்க்கின்றது, தற்காலிக அட்டவணைகளை நீக்குகின்றது. பி.டி.ஓ. இவ்வளவு முழுமையாகத் துடைப்பதில்லை. ஆதலின் சிறிய தளங்களுக்கு நிலையான இணைப்பு பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே தகும். மிகப் பெரிய தளங்கள் இவ்வேலையை நிரலிடம் விடாமல், புரொக்சிஎஸ்கியூஎல், பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள்களிடம் ஒப்படைக்கின்றன. அவை துறைமேற்பார்வையாளர் போன்றவை. சில இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து, வருவோரை வரிசைப்படுத்தி, ஒருவர் இறங்கியதும் மற்றவரை ஏற்றிவிடுகின்றன.

எல்லையை 151 இலிருந்து ஆயிரமாக உயர்த்திவிட்டால் என்ன என்று உடனே கேட்கத் தோன்றும். கல்லடியில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த லேடி மானிங் பாலம் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம் உடையது. ஒரு பக்கத்து வண்டிகள் செல்லும்போது மறுபக்கத்தன நின்றாக வேண்டும். 2013 இல் அதன் அருகே அகன்ற பாலம் திறக்கப்பட்டபின் அத்தொல்லை நீங்கியது. பாலத்தைப் பொறுத்தவரை அகலமே மருந்தாயிற்று. களஞ்சியத்துக்கோ அவ்வாறு எளிதில் கூறிவிட இயலாது. ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தை உண்கின்றது. ஆயிரம் பேரை உள்ளே விட்டாலும் பரிமாறும் கைகள், அதாவது செயலியின் கருக்கள், நான்கோ எட்டோ மட்டுமே. வெளியே ஒழுங்காக நின்ற வரிசை உள்ளே சென்று நெரிசலாகும். ஒருவருக்கும் விரைவில் விடை கிடையாது. நினைவகம் தீர்ந்து களஞ்சியமே விழுந்துவிடுதலும் உண்டு. வேலையாள்களின் தொகையை இணைப்பெல்லைக்குள் அடக்கி, மிஞ்சியோரை வாயிலுக்கு வெளியே சிறிது நிறுத்துவதே பொருத்தமானது.

இவையெல்லாம் எம்மொழித் தளத்துக்கும் பொது. தமிழுக்கென்றே உரிய இடர் ஒன்றுண்டு. அது மேற்கூறிய அனைத்தினும் கொடியது. இணைப்பைத் திறக்கும்போதே எவ்வெழுத்துமுறையில் பேசப்போகின்றோம் என்பதையும் கூறிவிட வேண்டும். மைஎஸ்கியூஎல் 2018 இல் எட்டாம் பதிப்பாக வெளிவரும் வரையில், அதன் தொடக்க எழுத்துமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய லத்தீன் முறையாகவே இருந்தது. தமிழைச் சரியாகச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியத்தோடு லத்தீன் முறையில் பேசும் இணைப்பைத் திறந்தால், களஞ்சியம் தமிழ் எழுத்தை அம்முறைக்கு மாற்ற முயலும். அங்கே அகரமும் இல்லை, ழகரமும் இல்லை. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினாக்குறியை இட்டு அனுப்பிவிடும். பக்கம் முழுதும் வினாக்குறியாகத் தோன்றுவது இதனாலேயே. படிப்பதோடு நின்றால் கேடில்லை. இணைப்பைத் திருத்தியதும் எழுத்துகள் மீளும். அந்நிலையில் ஒருவர் அப்பக்கத்தைத் திருத்துவதற்கெனத் திறந்து, சேமித்துவிட்டால், வினாக்குறிகளே களஞ்சியத்தில் ஏறிவிடும். பின்னர் எந்த வல்லுநராலும் அவ்வினாக்குறிகளிலிருந்து மூல எழுத்தை மீட்க இயலாது. பழைய படி இருந்தால்தான் உண்டு. நெருப்பின்றி நூல் எரியும் வழி இது.

இதற்கு மருந்து ஒரே சொல்: 'யூடிஎஃப்8எம்பி4'. பி.டி.ஓ.வில் இணைப்பு முகவரியிலேயே இதனைச் சேர்க்கலாம். மைஎஸ்கியூஎல்ஐயில் திறந்தவுடன் எழுத்துமுறைக் கட்டளையால் கூறலாம். இறுதியில் உள்ள நான்கு என்பது, ஓர் எழுத்துக்கு நான்கு எண்ணுண்மி வரை இடம் உண்டு என்பதைக் குறிக்கும். தமிழ் எழுத்தின் குறிகளுக்கு மூன்றே போதுமே என்று சிலர் பழைய மூன்று எண்ணுண்மி முறையோடு நின்றுவிடுகின்றனர். 2019 இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பு, முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்ன எண்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் தனியிடம் வகுத்தது. அவை நான்கு எண்ணுண்மி கொள்பவை. பழைய காணிக் கணக்குகளையும் வயற்கணக்கு ஏடுகளையும் மின்வடிவில் ஏற்ற நினைப்பவர் நான்கினையே கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இணைப்புத் தோல்வியுறும்போது பிழைச்செய்தியை அப்படியே திரையில் காட்டும் வழக்கம் ஆபத்தானது. பி.டி.ஓ. திறக்க முயன்று தோற்றபோது எழும் விதிவிலக்கைப் பிடிக்காது விட்டால், அதன் விவரத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளிப்படக்கூடும் என்று பி.எச்.பி. கையேடே எச்சரித்து வந்தது. 8.2 ஆம் பதிப்பில் கடவுச்சொல்லை மறைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயினும், பழைய பதிப்புகளில் இயங்கும் தளங்கள் இன்னும் உள. பிழையின் விவரம் நிருவாகியின் பதிவேட்டுக்குச் செல்லட்டும். பார்வையாளருக்குச் 'சற்றுப் பொறுத்து மீண்டும் வருக' என்னும் வரி போதும். கடவுச்சொல் எழுதிய கோப்பையும் பொதுமக்கள் கைக்கு எட்டும் அடைவுக்கு வெளியே வைத்தலே முறை.

தளம் நெரிசலுற்று நின்றபோது, நிருவாகி தமக்கென ஒதுக்கிய அந்த ஓர் இணைப்பின் வழியே உள்ளே சென்று, யார் யார் இணைந்திருக்கின்றனர் என்னும் பட்டியலைக் கேட்கலாம். ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கணினியிலிருந்து வந்தவர், என்ன செய்கின்றார், எத்தனை செக்கனாக அந்நிலையில் இருக்கின்றார் என்பன வரிசையாக வரும். எல்லோரும் ஒரே கேள்வியில் நெடுநேரம் நின்றால், அக்கேள்விக்குரிய அட்டவணையில் சுட்டுவரிசை இல்லை என்பது பெரும்பாலும் தெளிவாகும். பெரும்பாலோர் எதிரே 'உறக்கம்' என்றிருந்தால், எல்லையை உயர்த்துவதற்கு முன்னர், எந்த நிரல் பாதையைக் கட்டிவைத்துவிட்டு உறங்குகின்றது என்பதைத் தேடிச் செல்ல வேண்டும். பட்டியலில் உள்ள கணினியின் பெயரே தேடலைத் தொடங்கப் போதுமானது.